தெலுங்கு இலாகாவுக்குப் பத்தாவது ஆள்

பொண்ணு கட்டிக் குடுக்கறவங்க நெலம் பாப்பாங்க, கெணறு பாப்பாங்க, மாமியாக்காரி வாயைப் பாப்பாங்க. என்னைக் கட்டிக் குடுத்தது, ஒரு ஐஸ்கூல்ல தெலுங்கு இலாகா மூடிப் போவக்கூடாதுன்னு. சிரிக்காதீங்க, நெசம். இந்த விசயம் அப்ப எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா மணையில உக்காந்தே இருக்க மாட்டேன்.

இந்தக் காரியத்தைப் பண்ணவரு பேரு குப்புராஜ். கல்லேரிப்பள்ளி போர்டு ஐஸ்கூல்ல தெலுங்குப் பண்டிதரு. எங்க ஊரு தருமபுரிக்கு வடக்க, ரயிலை விட்டு எறங்கி மாட்டு வண்டியில ஒரு பொழுது குலுங்கிக்கிட்டு வரணும். பாதி வூடு தமிழ், பாதி வூடு தெலுங்கு, நடுவுல கன்னடக்காரங்களும் கொஞ்சம். தெலுங்கு வாத்தியாருங்கறதால ஊரே அவரைப் பந்துலுன்னுதான் கூப்பிடும். நல்ல மனுசன். அதை மொதல்லயே சொல்லி வெச்சுடறேன். ஏன்னா நடுவுல நான் திட்டுவேன்.

ஆளு ஒல்லியா, ஒசரமா இருப்பாரு. சித்திரை வெயில்லயும் கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட கோட்டு. தலப்பா. கோட்டுப் பையில எந்நேரமும் வறுத்த கல்லக்கா, அதான் வேர்க்கடலை. அது அவருக்கில்லை, பசங்களுக்கு. மத்த வாத்தியாருங்கல்லாம் பிரம்பை எடுத்துக்கிட்டு வகுப்புக்குப் போவாங்க, இவரு கல்லக்காயை எடுத்துக்கிட்டுப் போவாரு. ஒருத்தனையும் அடிச்சதில்லை. மனசு எளகின ஆளுன்னு ஊரு சொல்லும். மண்ணாங்கட்டி! அடிச்சா பய அடுத்த வருசம் தமிழுக்குத் தாவிடுவானே, அந்தப் பயம். பசங்களுக்கும் அது தெரியும். "பந்துலு, இன்னைக்குக் கணக்கு வாத்தியாரு அடிச்சுட்டாரு, மனசே சரியில்லை"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு கை கல்லக்கா கூட வாங்கித் திம்பானுங்க.

அவரு பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. மொதல் பாரத்துல, அதாவது ஆறாங்கிளாஸ்ல, வருசா வருசம் பத்துப் பேராவது தெலுங்கு எடுக்கணும்னு போர்டுல ரூல். பத்து இல்லைன்னா இலாகாவை மூடிடுவாங்க. பண்டிதரு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கன்னட இலாகா அப்பிடித்தான் போச்சு. கன்னட முன்ஷி தகரப்பொட்டியை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனதைப் பந்துலு கண்ணால பாத்தவரு. வண்டி முக்குத் திரும்பறதுக்குள்ள சயின்ஸ் வாத்தியாரு அந்த ரூமுக்குள்ள கண்ணாடிக் குடுவைங்களைக் கொண்டாந்து அடுக்கிட்டாராம். அதுக்கப்பறம் அந்த சயின்ஸ் வாத்தியாரு தெலுங்கு ரூம் பக்கமா வந்தாலே பந்துலு எழுந்து போயி வாசல்ல நின்னுக்குவாரு. அந்த மனுசனும் சும்மா போவ மாட்டாரு. உள்ள எட்டிப் பாத்து, "செவரு நல்லா ஒணந்திருக்குது, அலமாரி வெக்கலாம்"னு சொல்லிட்டுத்தான் போவாரு.

வருசாவருசம் தை மாசம் பள்ளிக்கூடத்துல விழா நடக்கும். எட்மாஸ்டர் ராஜாமணி அய்யரு மேடையில நின்னு, எல்லா இலாகாவோட முன்னேத்தத்தையும் வாசிப்பாரு. நாங்க பொம்பளைங்க ஓரமாப் பாயில உக்காந்து கேப்போம். அவரு வாசிக்கறதைக் கேட்டா ஏதோ சமஸ்தானம்னு நெனைப்பீங்க. சயின்ஸ் இலாகாவுக்கு ஒரு தராசு வந்திருக்கும். ஒரு தட்டு இருக்காது, அதைச் சொல்ல மாட்டாரு. பூகோள இலாகாவுல உலக உருண்டைக்குப் புதுசாச் சாயம் அடிச்சிருப்பாங்க, அடிச்சவன் சமுத்திரத்துக்கும் சேத்துப் பச்சை அடிச்சுட்டான். சித்திர இலாகா போன வருசம் மாம்பழம் வரைஞ்சுது, இந்த வருசம் கத்திரிக்காய்க்கு வந்திருக்குது. தமிழ் இலாகாவுக்குப் பேச்சுச் சங்கம், பொங்கல் விழா, ஏரிக்கரை உல்லாசப் பயணம்னு நீட்டி முழக்குவாரு. தமிழ் வாத்தியாரு காளியப்பன் கையைக் கட்டிக்கிட்டு கல்யாண மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருப்பாரு. கடசியில எட்மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "தெலுங்கு இலாகா தொடர்ந்து இருந்து வருகிறது" அப்பிடிம்பாரு. அவ்வளவுதான். அதுக்கே பந்துலு எழுந்து கும்பிடுவாரு.

சரி, என் கதைக்கு வரேன். கல்லேரிப்பள்ளியில தெலுங்கு வூடு பாதி இருந்தும் ஏன் பிள்ளைங்க கெடைக்கலை? வூட்டுல எவனும் தெலுங்கு பேசறதில்லை. கடைத்தெருவுல தமிழ், சந்தையில தமிழ், சண்டையும் தமிழ். தமிழ்ப் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டவங்களும் உண்டு. பந்துலு பாத்தாரு. பசங்களைப் புடிக்கறதுல பிரயோசனம் இல்லை, தாயைப் புடிக்கணும்னு முடிவு பண்ணாரு. தெலுங்கு நாக்கோட இருக்கற பொண்ணுங்களா வெளியூருல இருந்து கொண்டாந்து இந்த ஊரு மாப்பிள்ளைங்களுக்குக் கட்டி வெச்சா, அதுங்க பெத்துப் போடறது தெலுங்குலதான் அழுவும், பத்துப் பதினோரு வருசத்துல மொதல் பாரத்துக்கு வந்து நிக்கும்னு கணக்கு. பாருங்க புத்தியை! ஆடி மாசம் வெதைச்சா தையில அறுக்கலாம்ங்கற மாதிரி, மனுசன் முப்பத்தொண்ணுல வெதைச்சு நாப்பத்திரண்டுல அறுக்கப் பாத்தாரு.

குப்பத்துக்கு இந்தப் பக்கம் நான் பொறந்த ஊரு. என்னைப் பொண்ணு பாக்க மாப்பிள்ளை வூட்டோட பந்துலுவும் வந்தாரு. எல்லாரும் பொண்ணுக்குப் பாடத் தெரியுமா, களி கிண்டத் தெரியுமான்னு கேட்டா, இவரு குடையை மடியில வெச்சுக்கிட்டு, "அம்மாயி, உனக்குக் கோவம் வந்தா எந்த பாசையில திட்டுவே?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. "எதிர்ல நிக்கறவங்களுக்கு எது புரியுமோ அதுல"ன்னேன். எங்கப்பன் தலையில அடிச்சுக்கிட்டாரு. பந்துலு மட்டும் கொஞ்சம் யோசிச்சுட்டு, "பரவாயில்லை, வாய் இருக்குது"ன்னாரு. பாக்கு வெத்திலை மாத்திட்டாங்க. என்னோட சேத்து மொத்தம் நாலு பொண்ணுங்களை அந்த ரெண்டு வருசத்துல இப்பிடிக் கொண்டாந்து எறக்கினாரு.

என் வூட்டுக்காரர் பேரு மாது. ஏரிக்குக் கீழ கல்லக்கா வெள்ளாமை. அதிர்ந்து பேசாத மனுசன், அதனால எந்த பாசையா இருந்தாலும் அவர்கிட்ட நட்டமில்லை. என் மாமியாதான் அதிசயம். தெலுங்குக்காரிதான், ஆனா தெலுங்கு பேசறது மாட்டுக்கிட்ட மட்டும். மனுசங்ககிட்ட எல்லாம் தமிழ். நான் தெலுங்குல கேட்டா தமிழ்ல பதில் வரும். ஏன் அத்தே இப்பிடின்னு ஒரு நாள் கேட்டேன். "இந்த மாடு எங்க ஆத்தா வூட்டு வழி மாடு, அதுக்குத் தமிழ் தெரியாது"ன்னாங்க. என்னத்தைச் சொல்ல! நானும் ஒரு வருசம் தெலுங்கைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். அப்பறம் ஏரித் துறையில மொறை விட்டுத் துணி தொவைக்க வந்தவகிட்ட ஒரு சண்டை. அவளுக்குத் தெலுங்கு புரியலை. நான் வாய் வலிக்கத் திட்டறேன், அவ சிரிக்கறா. அன்னைக்கு ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தேன். ஆறே மாசத்துல தமிழ்ல என்னை ஜெயிக்க ஏரித் துறையில ஆளில்லை. பந்துலு போட்ட கணக்கு அங்கயே பொத்துக்கிச்சு, பாவம், அவருக்குத் தெரியலை.

தலைச்சன் பொறந்துச்சு. பொறந்த பதினோராம் நாள் பந்துலு வந்தாரு. கோட்டு, தலப்பா, கையில கல்கண்டு. தொட்டிலுக்குள்ள குனிஞ்சு, "எப்ப வரான் நம்ம இலாகாவுக்கு?"ன்னாரு. "பொண்ணு பந்துலு"ன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு. "சரி, அடுத்தது இருக்குதே"ன்னு சொல்லிட்டு, குடுக்க வந்த கல்கண்டைக் குடுத்துட்டுத்தான் போனாரு, அதுவரைக்கும் மரியாதை. அப்பறந்தான் எனக்கு விசயமே புரிஞ்சுது. என்னைக் கொண்டாந்ததே அதுக்குன்னு மத்த மூணு பேரும் சேந்து சொன்னாளுங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பச்சை ஒடம்புக்காரியா இல்லாம இருந்தா அன்னைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயி நாலு கேட்டிருப்பேன். பொண்ணுக்குத் தீர்த்தம்மாள்னு பேரு வெச்சோம். அவளுக்குப் பின்னால மூணு வருசம் கழிச்சுத்தான் பையன்.

பந்துலு மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் அவரு வூட்டுக்கு நான் போறதை நிறுத்தலை. அதுக்குக் காரணம் அவரு மக ராணியம்மாள். பந்துலு சம்சாரம் செத்துப் போயி, ஒம்போது வயசுல இருந்து அந்தப் புள்ளைதான் வூட்டைப் பாத்துக்கிச்சு. சோறாக்கும், தண்ணி சேந்தும், அப்பன் கோட்டுக்குப் பித்தான் தெச்சுக் குடுக்கும். என்னை மாதிரி வந்த மூணு பேரும் தமிழுக்குத் தாவினப்பறம், ஊருல என்கிட்ட தெலுங்குல பேசறதுக்கு இருந்த ஒரே ஆளு அதுதான். வாய் கொஞ்சம், வேலை ஜாஸ்தி.

முப்பத்தெட்டாவது வருசம் மொத தடவையா இலாகா கவுறப் பாத்துச்சு. பழைய தெலுங்கு வூட்டுப் பசங்க பாதிப் பேரு காளியப்பன் பின்னாடி போயிட்டானுங்க. அந்த மனுசன் ஏரியில நீச்சல் கத்துக் குடுத்தாரு, கல்லக்கா எடுபடுமா? ஒம்போது பேருதான் சேந்தாங்க. ஒண்ணு கொறைஞ்சுது. பந்துலு கட்டில்ல படுத்துட்டாரு. சோறில்லை, தண்ணியில்லை. நான் போயி எட்டிப் பாத்தேன். "ஒருத்தன், ஒரே ஒருத்தன்"னு மேல மோட்டுவளையைப் பாத்துப் பொலம்பறாரு. அம்பது வயசு ஆவப் போவுது, இதுக்கு மேல எந்த போர்டுல என்னை எடுப்பான், பொண்ணை எங்க கரையேத்துவேன்னு அழுவறாரு. தெருத்தெருவா வூட்டுப் பேரைச் சொல்லி எண்ணிப் பாக்கறாரு. ராணியம்மாள் சொம்போட பக்கத்துல நின்னு, "குடிங்க நாயனா, குடிங்க"ன்னு கெஞ்சுது.

அந்த வருசம் அவரு புடிச்ச ஆளைக் கேட்டா நம்ப மாட்டீங்க. திம்மராயன்னு ஒரு வண்டிக்காரன். தொப்பூருக் கணவாய் வழியா சேலத்துக்குப் புளி மூட்டை ஏத்திக்கிட்டுப் போறவன். மீசையை முறுக்கி விட்டா ரெண்டு பக்கமும் காதைத் தொடும். அவனுக்குப் பொண்ணு கெடைக்காம இருந்துச்சு. பந்துலு அவனைப் புடிச்சு, "மொதல் பாரத்துல ஒரு வருசம் உக்காரு, பொண்ணு நான் பாத்துத் தரேன்"னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. எட்மாஸ்டர் கேட்டதுக்கு, "பையன் கொஞ்சம் லேட்டா வளந்துட்டான்"னாராம். லேட்டாவா வளந்தான்? அவன் பெஞ்சுல உக்காந்தா முன்னாடி இருக்கற ஒம்போது பேரும் நெழல்ல இருந்தானுங்க. கணக்கு வாத்தியாரு அவனை எழுந்திரிச்சு நிக்கச் சொல்லவே பயந்தாரு. ஆனா வண்டிக்காரன் நாணயஸ்தன். அந்த வருசம் முழுக்க பள்ளிக்கூடத்து வாசல்ல மாட்டைக் கட்டிட்டு வந்து உக்காந்தான். தையில இலாகா தொடர்ந்து இருந்து வந்துச்சு. சித்திரையில அவனுக்குப் பொண்ணு கெடைச்சுது, அத்தோட படிப்பை முடிச்சுக்கிட்டான்.

அடுத்த வருசமே ராணியம்மாளுக்கும் கல்யாணம். ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் குடுத்தாரு. பன்னெண்டு முடிஞ்சு பதிமூணு நடக்குது, சட்டத்துக்குப் பயந்து பதினாலுன்னு சொல்லிக்கிட்டாங்க. அந்தப் புள்ளை வண்டி ஏறறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நாயனாவுக்குத் தலப்பா தொவைக்கத் தெரியாது, பாத்துக்கங்க அக்கா"ன்னு சொல்லுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. மறுவாரத்துல இருந்து நான்தான் தொவைச்சேன். திட்டிக்கிட்டே தொவைச்சேன், ஆனா தொவைச்சேன்.

எப்பிடியோ தள்ளிக்கிட்டுப் போயி நாப்பத்திமூணு வந்துச்சு. நாங்க நாலு பேரும் பெத்தது மொதல் பாரத்துக்கு வரணும், பந்துலு அறுவடை பண்ணணும். என்ன ஆச்சு? ஒருத்திக்கு ரெண்டும் பையன், ரெண்டும் காளியப்பன்கிட்ட நீச்சலுக்குப் போயிட்டானுங்க. இன்னொருத்தி புருசன் யுத்தத்துல காண்ட்ராக்ட் வேலைன்னு பெங்களூருக்கே குடி போயிட்டான். மூணாவது ஒருத்தி பையன் மட்டும் வந்தான். திரும்பவும் ஒம்போது. போதாததுக்கு அந்த வருசம் ஆனி மாசமே இன்ஸ்பெக்டர் வராருன்னு தாக்கல். அவரு தெலுங்கு தேசத்துக்காரராம், தலையை எண்ணுவாராம், திம்மராயன் மாதிரி ஆளெல்லாம் செல்லாதாம்.

அப்பதான் பந்துலு எங்க வூட்டுக்கு வந்தாரு. நான் வாசல்ல கல்லக்கா ஒடைச்சுக்கிட்டு இருந்தேன்.

"பாஞ்சாலம்மா, உன் பையனை இந்த வருசமே சேத்துடலாம்"னாரு.

"அவனுக்கு எட்டு வயசு பந்துலு. மூணாங்கிளாஸ்ல பெஞ்சுக்கடியில தூங்கறான்."

"வயசைக் கூட்டிப் போட்டுக்கலாம். ஆளு கொஞ்சம் குட்டையா வளந்துட்டான்னு சொல்லிக்கறேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. பதினோரு வருசக் கோவம். கல்லக்கா மொறத்தை அப்பிடியே தள்ளி வெச்சேன்.

"ஏன்யா, அறிவு இருக்குதா உமக்கு? அதோ அங்க உக்காந்திருக்கறது யாரு? பதினோரு வயசு. அஞ்சாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டு ஒரு வருசமா வூட்டுல குந்திக்கிட்டு இருக்கறா. தெனம் சாயங்காலம் ஏரிக்கரை மேல ஏறி நின்னு உங்க பள்ளிக்கூடத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா. நான் படிக்க வெக்கணும்னு கேட்டா இந்த வூட்டுல என்னைப் பைத்தியக்காரிங்கறாங்க. மீசை வெச்ச வண்டிக்காரன் உமக்கு ஆளு, என் பொண்ணு ஆளில்லையா?"

பந்துலு தீர்த்தம்மாளைப் பாத்தாரு. பொறந்தப்ப பாத்ததுக்கப்பறம் இப்பத்தான் நேராப் பாக்கறாரு. "பொண்ணா? ரூல் ஒத்துக்குமா?"ன்னு முணுமுணுத்தாரு.

"ரூல்ல பத்து ஆம்பளைன்னா போட்டிருக்குது?"

"பத்து மாணாக்கருன்னுதான் இருக்குது."

"அப்ப போயிப் பேசுங்க. பேசாம வந்தீங்கன்னா தலப்பாவை நீங்களே தொவைச்சுக்குங்க."

போனாரு. எட்மாஸ்டர் ரூல் பொஸ்தகத்தைப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு, பொண்ணு கூடாதுன்னு எங்கயும் இல்லை. சயின்ஸ் வாத்தியாருதான் குதிச்சாராம், பொண்ணு எங்க உக்காரும், என்ன ஆவும்னு. அலமாரி போச்சேன்னு அவருக்கு. அப்பறம் பந்துலு வந்து என் மாமியாகிட்ட ஒரு மணி நேரம் பேசினாரு. பையனுங்களோட உக்காரக் கூடாதுன்னு மாமியா சொன்னாங்க. கதவுக்குப் பின்னாடி ஒரு மணை போட்டுக் குடுக்கறேன்னாரு. என் வூட்டுக்காரர் கடசியா வாயைத் தெறந்து, "பொண்ணு பாத்துக் குடுத்தவரு கேக்கறாரு, எப்பிடி இல்லைங்கறது?"ன்னாரு. தீர்த்தம்மாள் அன்னைக்குச் சோறே திங்கலை, சந்தோசத்துல.

இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு நான் வெள்ளாமை வேலையைப் போட்டுட்டு தெலுங்கு ரூம் ஜன்னலுக்கு வெளிய புங்கமரத்தடியில போயி நின்னுக்கிட்டேன். எவன் கேக்கறது? அவரு நல்ல கனத்த ஆளு. வெயில்ல வண்டியில குலுங்கி வந்து, வேர்வை ஊத்த, வாசப்படியை அடைச்சுக்கிட்டு நிக்கறாரு. வந்ததும் தெலுங்குல கேட்டாரு, வூட்டுல தெலுங்கு பேசறவன் எவன் எவன்னு. ஒம்போது கையும் தூக்கியாச்சு. சரி, வூட்டுல எப்பிடிப் பேசுவே, சொல்லுன்னாரு. மொதல் பையன் எழுந்து பொஸ்தகத்துல இருக்கற மொதல் பாட்டை ஒப்பிச்சான். ரெண்டாமவனும் அதே பாட்டு. மூணாமவனும் அதையே ஆரம்பிச்சதும் இன்ஸ்பெக்டருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "உங்க ஆத்தா சோறு போடறப்ப இந்தப் பாட்டைத்தான் பாடுவாளா?"ன்னு கத்தினாரு. பையனுங்க பயந்து ஜன்னல் வழியா காளியப்பனைத் தேடறானுங்க. பந்துலு கை கோட்டுப் பைக்குள்ள போயி கல்லக்காயைப் பொரட்டுது, சத்தம் எனக்கே கேக்குது. சயின்ஸ் வாத்தியாரு பக்கத்து ரூம் வாசல்ல நின்னு தெலுங்கு ரூம் செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறாரு.

"ஒம்போதுதான் இருக்குது. பத்தாவது எங்க?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

பந்துலு கதவுப் பக்கம் கையைக் காட்டினாரு. தீர்த்தம்மாள் எழுந்து வந்து நின்னா. அந்த மனுசனுக்கு ஒண்ணும் புரியலை. "இது யாரு? நீ வூட்டுல தெலுங்கு பேசுவியா?"ன்னாரு.

"நான் பேச மாட்டேங்க. ஆயா பேசும்."

"யார்கிட்ட?"

"மாட்டுக்கிட்டங்க."

நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டேன். அடி பாவி, பொய் சொல்லக் கூடாதா! இன்ஸ்பெக்டர் விடலை. "எங்க, அப்பிடியே சொல்லிக் காட்டு"ன்னாரு.

இவ என்னமோ நெசமாவே தொழுவத்துல நிக்கறாப்பில இடுப்புல சேலைத் தலைப்பைச் சொருகிக்கிட்டு, வாசப்படியை அடைச்சுக்கிட்டு நின்ன அந்த ஆளைப் பாத்து, "ஏய், ஜருகு!"ன்னு ஒரு அதட்டு அதட்டினா. தள்ளி நில்லுன்னு அர்த்தம். மனுசன் சட்டுன்னு தள்ளி நின்னுட்டாரு. "நீள்ளு தாகு!"ன்னா அடுத்து. தண்ணி குடின்னு அர்த்தம். சொல்லிட்டு அங்க மேசை மேல அவருக்குன்னு வெச்சிருந்த சொம்பை எடுத்து நீட்டிட்டா. அவரும் வாங்கிக் கடகடன்னு குடிச்சுட்டாரு! குடிச்சு முடிக்கறதுக்குள்ள, ஒதைச்சியானா கொம்பை ஒடைச்சுடுவேன்னு மூணாவதையும் எடுத்து வுட்டா. எட்மாஸ்டர் கண்ணை மூடிக்கிட்டாரு. பந்துலு செவுத்துல சாஞ்சுட்டாரு.

இன்ஸ்பெக்டர் சொம்பைக் கீழ வெச்சாரு. அப்பறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பிச்சவருதான், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "எங்கம்மா எருமையை இப்பிடித்தான் அதட்டுவா. இந்த ஜில்லாவுக்கு மாத்தலாயி வந்து, தெலுங்கைக் காதால கேக்கறது இன்னைக்குத்தான்"னு சொல்லிட்டு, இன்னொரு சொம்பு தண்ணி கேட்டாரு. தை மாச விழாவுல எட்மாஸ்டர் அவரு எழுதினதை அப்பிடியே வாசிச்சாரு. "தெலுங்கு இலாகாவில் உயிருள்ள மொழி வழங்குகிறது, முன்னேற்றம் கண்கூடு." சமுத்திரத்துக்குப் பச்சை அடிச்ச பூகோள இலாகாவுக்குக் கூட இப்பிடி வந்ததில்லை. அடுத்த வருசம் அக்கம்பக்கத்துத் தெலுங்கு வூட்டுப் பொண்ணுங்க நாலு பேரு சேந்தாளுங்க. கதவுக்குப் பின்னாடி எடம் பத்தலை, கதவையே கழட்டி வெச்சுட்டாங்க. பந்துலுவும் இப்ப காளியப்பன் மாதிரி ஊருக்குள்ள மாருல கையைக் கட்டிக்கிட்டு நடந்தாரு.

நாப்பத்தஞ்சுல ராணியம்மாள் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்பன் வூட்டுக்கு வந்துச்சு. அஞ்சு மாசம் இருந்துச்சு. கைக்குழந்தை மடியில, மூத்தது முதுகுல. ஒரு சாயங்காலம் நான் தொவைச்ச தலப்பாவைக் குடுக்கப் போனேன். தீர்த்தம்மாளும் கூட வந்தா. அவ மூணாம் பாரத்துப் பாடத்தைச் சத்தமா வாசிக்க, பந்துலு நாக்காலியில உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் பழைய கதையெல்லாம் எடுத்துட்டாரு. முப்பத்தெட்டுல ஒரு ஆளு கொறைஞ்சு எப்பிடித் தவிச்சேன், திம்மராயனை எப்பிடி மடக்கினேன்னு அவரே சொல்லி அவரே சிரிக்கறாரு. நானும் சிரிச்சேன்.

ராணியம்மாள் சிரிக்கலை. குழந்தையைத் தட்டிக் குடுத்துக்கிட்டே, "அந்த வருசம் எனக்குப் பதினோரு வயசு, நாயனா"ன்னு சொல்லுச்சு.

பந்துலுவுக்கு மொதல்ல புரியலை. "ஆமா, அதுக்கென்ன?"ன்னாரு.

"நீங்க ஒருத்தன் கெடைக்கலைன்னு அழுதப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். தெருத்தெருவா எண்ணினீங்க. நம்ம வூட்டை எண்ணலை."

சத்தம் போட்டுச் சொல்லலை. கோவமும் இல்லை. சோத்துக்கு உப்புப் பத்தலைன்னு சொல்ற மாதிரித்தான் சொல்லுச்சு. தீர்த்தம்மாள் வாசிக்கறதை நிறுத்திட்டா. பந்துலு என்னைப் பாத்தாரு. நான் மடிச்ச தலப்பாவைப் பிரிச்சு மறுபடி மடிச்சேன்.

"வாயைத் தெறந்து நீ கேட்டிருக்கலாமே அம்மா"ன்னாரு.

"ஊரெல்லாம் போயிக் கேட்டீங்க. வண்டிக்காரனைக் கூடக் கேட்டீங்க. என்னைக் கேப்பீங்கன்னு நானும் நின்னுக்கிட்டே இருந்தேன்."

பந்துலு அழுதாரு. தேம்பித் தேம்பி, சின்னப் பையன் மாதிரி அழுதாரு. எந்த வருசமும் இலாகாவுக்காக அவரு அப்பிடி அழுது நான் பாத்ததில்லை. அப்பறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, கோட்டைச் சரி பண்ணிக்கிட்டு, "நாளைக்கே வா. எட்மாஸ்டர்கிட்ட நான் பேசறேன். குழந்தைங்களைப் பாஞ்சாலம்மா பாத்துக்குவா. யாரு என்ன சொன்னாலும் சரி, மொதல் பாரத்துல உன்னைச் சேத்துக்கறேன்"னாரு. வெளையாட்டுக்குச் சொல்லலை, நெசமாத்தான் சொன்னாரு.

ராணியம்மாள் அப்பதான் சிரிச்சுது. "நாளைக்கு மாமியா வூட்டுல இருந்து வண்டி வருது, நாயனா"ன்னு சொல்லிட்டு, ஒலை வெக்கறதுக்கு எழுந்து உள்ள போயிடுச்சு. மறுநாள் காலையில வண்டி வந்துச்சு.